பாவு இறங்கினால் சாவி

“இந்தா, நீயே அறு,” என்று சொல்லிக் கத்தியை என் பக்கம் நீட்டினாள் வடிவு அக்கா.

சின்னக் கத்திதான். கைப்பிடியில் பழந்துணி சுற்றியிருந்தது. நெய்து முடித்த பட்டுப்புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுக்கும் கத்தி. அவள் விரல்களில் சாம்பல் படிந்திருந்தது. முன்னால் தறியில் அரக்கு நிறப் பட்டு நூல்கள், ஆயிரக்கணக்கில், விறைப்பாக இழுபட்டு நின்றன. வாசலில் பாதித் தெரு கூடிவிட்டது.

அந்த வீடு என்னுடையது. பத்திரம் என் பெயரில் பதிவாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆனால் உள்ளே குடியிருந்தவள் அவள். என் வீட்டுக்குள் நான் கால் வைக்க வேண்டுமென்றால் அந்த நூலை அறுத்தாக வேண்டும். எனக்கு அப்போது வயிற்றில் ஏழாம் மாதம்.

கத்தியை வாங்கிக்கொண்டேன்.

சென்ற வாரம் என் கல்யாணக் கதையைப் படித்துவிட்டு, “உங்களுக்கு இவ்வளவு கோபம் ஆகாதம்மா,” என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் இந்த வாரம் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருவது நல்லது.

ரயிலுக்கு வாழ்க்கைப்பட்டவள்

என் வீட்டுக்காரருக்கு மதராஸில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா வேலை. காஞ்சிபுரத்திலிருந்து தினமும் போய்த் திரும்புவார். விடிவதற்கு முன்னால் எழுந்து, பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு, செங்கல்பட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவார். அங்கே வண்டி மாறிக் கடற்கரை ஸ்டேஷன். விளக்கு வைத்த பிறகு கரித்தூள் படிந்த சட்டையோடு வந்து சேருவார். நான் ஆறுமுகத்துக்கு வாழ்க்கைப்பட்டேனா, ரயிலுக்கு வாழ்க்கைப்பட்டேனா என்று கேட்டால், ரயில்தான் அவரைவிட அதிகமாகக் குரல் கொடுத்தது.

“மதராஸிலேயே இடம் வாங்கிடு ஆறுமுகம், கடற்கரைப் பக்கம் மலிவா குடுக்கிறாங்க,” என்று ஆபீஸில் நண்பர்கள் ஓதினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துப் போனார். திருவான்மியூருக்கு அப்பால் எங்கோ பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். கணுக்கால் புதைய மணல். சவுக்கு மரம், கள்ளிச்செடி, காய்ந்த மீன் நாற்றம். ஒரு குச்சியை நட்டுவைத்து, “இதுதான்மா ஹால்,” என்றார் தரகர். என் கண்ணுக்கு நண்டு வளை தெரிந்தது.

நான் தென்னேரி ஏரிக்கரையில் பிறந்தவள். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீரைப் பார்த்தே வளர்ந்தவள். குடிக்க உதவாத தண்ணீர் அத்தனை பெரிதாக எதற்கு இருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. உப்புக் காற்று தாலிச் சரட்டையே பிசுபிசுக்க வைத்தது. “இங்க உளுந்துகூட முளைக்காது. வாங்க போலாம்,” என்று சொல்லிவிட்டேன்.

அந்த மணலில் இன்றைக்குக் கார் வைத்திருப்பவர்கள் மட்டும்தான் குடியிருக்கிறார்களாம். என் பிள்ளைகள் இதைச் சொல்லிச் சொல்லி என்னை ஓட்டுவார்கள். ஓட்டட்டும். எனக்கு வேண்டியிருந்தது காஞ்சிபுரத்தில் ஒரு வீடு. அதுவும் உடனே.

ஏன் உடனே?

நாங்கள் வாடகைக்கு இருந்தது சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டின் பக்கவாட்டுப் பகுதி. வீட்டுச் சொந்தக்காரரின் மகனுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாயிற்று. புது மருமகளுக்கு எங்கள் பகுதி வேண்டும். “பொங்கலுக்குள்ள பார்த்துக்கோங்கம்மா,” என்று அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அவர் அதைச் சொன்ன மாதம்தான் நான் உண்டாகியிருப்பது தெரிந்தது. மாசியில் பிரசவம்.

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊர் வழக்கம். எனக்குத் தாய் இல்லை. தாய்வீடு இருந்தது, கதவு இல்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது, மஞ்சள் செலவுக்கு என்று கொஞ்சம் நிலம் எழுதி வைப்பது உண்டு. மஞ்சக்காணி என்போம். என் அம்மாவின் மஞ்சக்காணி ஏரி மதகுக்குக் கீழே இருந்தது. அம்மா கண்மூடுவதற்கு முன் அதை எனக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அதை விற்றுத்தான் வீடு வாங்குவேன் என்றபோது அண்ணன் ஆடித் தீர்த்துவிட்டான். “மஞ்சக்காணியை வித்தவளுக்குப் பொறந்த வூட்டுல இலை கிடையாது,” என்றான்.

அப்பா சண்டைக்கு வரவில்லை. ஆனால் அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

அது அதற்கு முந்தின வருஷம். நிலத்தை விற்றபோது அதில் சம்பா நெல் நின்றிருந்தது. நிற்கிற பயிரோடு நிலத்தை விற்றால், விற்றவன் அறுத்துக்கொண்ட பிறகு வாங்கியவன் ஏரைப் பூட்டுவான். இது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். வாங்கியவர் அறுவடை வரை காத்திருந்து, தையில் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து வரப்பில் நின்றார். நெல் தாளுக்கு நடுவே பச்சைப் பசேலென்று உளுந்து! நெல் நிற்கும்போதே, ஈரம் இருக்கும்போதே, அப்பா உளுந்தைத் தெளித்துவிட்டிருக்கிறார்.

“நெல்லை அறுத்துட்டேனே. இது உளுந்து. இதுவும் நிக்கிற பயிருதானேப்பா,” என்றாராம் அவரிடம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் நிலத்தில், என் வார்த்தையைக் கெடுக்க, என்னைப் பெற்றவரே! போய் நின்று கத்தினேன். அவர் வரப்பில் உட்கார்ந்து காலை ஏரித் தண்ணீரில் அலம்பிக்கொண்டே இருந்தார். பங்குனியில் உளுந்தைப் பிடுங்கிய பிறகுதான் நிலம் கைமாறியது. அதோடு அண்ணன் கதவைச் சாத்தினான்.

ஆகவே பொங்கலுக்குப் பிறகு எனக்குத் தங்க இடம் கிடையாது. மாசியில் பிள்ளையைப் பெற்றுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து எந்த வீட்டுக்குத் திரும்புவது? ராத்திரி பகலாக என்னை அரித்தது அது ஒன்றுதான்.

நானே விட்ட வார்த்தை

பிள்ளையார்பாளையம் பக்கத்தில், நெசவுத் தெரு ஒன்றில் அந்த வீடு விலைக்கு வந்தது. ரயில் போல நீளமான வீடு. முன்னால் பெரிய கூடம், அதில் குழித்தறி. தரையில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, நெய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்கிற தறி. பின்னால் இரண்டு அறை, சமையற்கட்டு, கிணறு, ஒரு முருங்கை. பார்த்த நிமிடமே, தொட்டில் கட்ட வளையம் எங்கே என்று என் கண் தேடியது. இருந்தது.

அண்ணன் தம்பி மூவருக்குப் பொதுவான சொத்து. மூத்தவர் மாணிக்கம்தான் அங்கே குடியிருந்து நெய்துகொண்டிருந்தார். தம்பிகள் பங்கு கேட்டதால் விற்கிறார்கள். மாணிக்கம் தன் பங்கில் செவிலிமேட்டில் மனை வாங்கி வீடு கட்டப் போகிறார்.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து, கூடத்தில் பாய் விரித்து, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். எல்லாம் முடிகிற நேரத்தில் மாணிக்கம் தலையைச் சொறிந்தார்.

“ஒரே ஒரு விசயம்மா. தறியில பாவு ஏறியிருக்குது. பாதியில அறுக்கிறது எங்க வழக்கத்துல கிடையாது, குடும்பத்துக்கு ஆவாது. பாவு இறங்கட்டும். மறுநாளே சாவி.”

தறியில் நீளவாட்டில் ஏற்றுகிற நூல்தான் பாவு. ஒரு பாவில் மூன்று புடவை வரும். இரண்டு புடவை ஏற்கெனவே நெய்தாகிவிட்டது, ஐப்பசி பிறப்பதற்குள் மூன்றாவதும் இறங்கிவிடும் என்றார்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். “நிக்கிற பயிரை அறுக்கச் சொல்ல நாங்க என்ன அவ்ளோ பாவிங்களா? உங்க அறுவடை முடியட்டும் அண்ணா.”

எல்லோரும் ஆகா என்றார்கள். “காணிக்காரப் பொண்ணுன்னா பொண்ணுதான்,” என்றார் ஒருவர். எனக்குத் தலை கூரையை முட்டியது. சிரித்தேன். நான் சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். உள்ளே சமையற்கட்டில் டம்ளர்கள் நங்கென்று வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. யார் வைத்தது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஒண்ணே ஒண்ணு

வாரம் தவறாமல் போய்ப் பார்த்தேன். நெல் என்றால் வரப்பில் நின்றபடியே இத்தனை நாளில் அறுக்கலாம் என்று சொல்லிவிடுவேன். பட்டு என் கணக்குக்கு அகப்படவில்லை. மாணிக்கம் தறிக்கு எதிர்ப்புறம் உருளையில் சுற்றியிருந்த பாவைத் தட்டிக் காட்டுவார். “கொஞ்சந்தான்மா.” அடுத்த வாரமும் கொஞ்சந்தான்.

அமாவாசையன்று தறியைத் தொட மாட்டார்கள். சரி. முந்தானை நெய்யும்போது வேலை நத்தை போல நகரும். சரி. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தறிக்குழியில் ஈரம் ஊறி, நூல் தொய்ந்து, நூலைக் குறுக்கே இழுத்துப் போகிற ஓடம் மூன்று வாரம் ஓடவே இல்லை. அதற்கும் சரி சொன்னேன். வருண பகவானிடம் என்ன சண்டை போடுவது?

மாணிக்கத்தின் மனைவி வடிவை அந்த நாட்களில்தான் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பிள்ளை இல்லை. மாணிக்கத்தோடு சரிக்குச் சரியாக உட்கார்ந்து நெய்வாள். நான் போனால், “வா,” என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. மோர் வைப்பாள், என் முகத்தைப் பார்க்காமல்.

கார்த்திகை பாதி கழிந்தது. மார்கழி பிறந்துவிட்டால் யாரும் குடிபோக மாட்டார்கள். கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தை விட்டால் பிறகு தைதான். தையில் வாடகை வீட்டில் கல்யாணப் பந்தல் போட்டுவிடுவார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரரோ, “பெரியவங்க, வார்த்தை தவற மாட்டாங்க கன்னிம்மா,” என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினார்.

தெருவில் அரக்கு நிறம்

மழை விட்ட ஒரு காலை. கடைசி முகூர்த்தத்துக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது. இன்று பாவு இறங்கியிருக்கும், சாவியோடுதான் திரும்புவது என்று கிளம்பினேன்.

தெருமுனையில் திரும்பியதும் நின்றுவிட்டேன். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு பாவை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அரக்கு நிறம். இடையிடையே மூங்கில் கவைகள். ஈரம் ஒட்டிய வெயிலில் அது பளபளத்தது. நாலைந்து பேர் ஓரமாக நடந்து அறுந்த இழைகளைத் தேடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கஞ்சி மணம். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதை நினைத்தால் இப்போதும் என்னையே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

“எவ்ளோ அழகா இருக்குது! யார் வூட்டுப் பாவுங்க?” என்று கயிறு பிடித்திருந்தவரைக் கேட்டேன்.

“மாணிக்கண்ணன் வூட்டுது. ரெண்டு பாவு போட்டோம். ஒண்ணை உள்ள எடுத்துக்கினு போயாச்சி, அக்கா பிணைச்சிக்கினு இருக்குது.”

“பிணைக்கிறதுன்னா?”

“பழைய பாவு முடியிறப்ப வாலை அப்படியே தறியிலயே வுட்டுடுவோம்மா. அதுல புதுப் பாவை ஒவ்வொரு இழையா முறுக்கிச் சேர்த்துடறது. இழுத்தா புதுசு பழசு பின்னாலயே வந்துடும். தறி காலியே ஆவாது.” அவர் பெருமையாகச் சொன்னார். “எங்க தாத்தா ஏத்துன பாவு இன்னும் அறுபடலைம்மா.”

எனக்குக் காது அடைத்தது. இறங்கட்டும், இறங்கட்டும் என்று காத்திருந்தேனே, அது இறங்கவே இறங்காத பாவு! பயிர் என்றால் அறுவடை உண்டு என்று நினைத்தது என் புத்தி. இரண்டு மூன்று பேர் என்னைக் கூப்பிட்டார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

கத்தி

வடிவு அக்கா தறியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் சாம்பல். விரலைச் சாம்பலில் தொட்டு, பழைய இழை ஒன்றையும் புது இழை ஒன்றையும் சேர்த்து ஒரு முறுக்கு. அடுத்தது. அடுத்தது. பாதி அகலம் முடிந்திருந்தது. மாணிக்கம் தெருவில் மறுகோடியில் இருந்தார்.

“இன்னாக்கா இது?”

“பார்த்தாத் தெரியலை?”

“பாவு இறங்குனா சாவின்னு சொன்னாரே அண்ணன்!”

“இறங்குனாத்தானே?” தலையைத் தூக்காமலே சொன்னாள்.

“அறுத்துப் போடு அதை!” என்று கத்தினேன்.

நெசவுத் தெருவில் சொல்லக் கூடாத சொல் அது. அறுப்புக் களத்தில் நின்று, நெல் பதராகட்டும் என்று சொல்வதற்குச் சமம். என் பின்னாலேயே ஓடி வந்த தெருக்காரர்கள் வாசற்படியிலேயே வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். வடிவு எழுந்தாள். மாடத்திலிருந்து கத்தியை எடுத்தாள். இங்கேதான் நான் கதையைத் தொடங்கினேன்.

“இந்தா, நீயே அறு. வூடு உன்னுது, தறிக்குழி உன்னுது. அண்ணன் தம்பி மூணு பேரும் உக்காந்து பேசினாங்க. நான் உள்ள காபி போட்டுக்கினு இருந்தேன். டம்ளரை வச்சிட்டுப் போன்னாங்க, வச்சிட்டுப் போனேன். விக்கட்டுமா வடிவுன்னு ஒரு வார்த்தை என்னைக் கேக்கலை. வித்துட்டோம்னும் சொல்லலை. நீ சிரிச்ச பாரு, அந்தச் சத்தத்துலதான் எனக்கே தெரிஞ்சிது.”

அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“இந்தக் கூடத்துலதான் நான் வந்து எறங்கினேன். பதினாறு வயசு. அன்னிக்குப் பிணைச்ச பாவு இது. அறு. அறுத்துட்டு உள்ள வா.”

இடது கையை நூலின் மேல் வைத்தேன். மேலே வெயிலும் ஈரமும் பட்டு வந்த நூல், ஆனால் உள்ளங்கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. எங்கோ ஓர் இழை தளர்ந்து அசைந்தது. கத்தியைத் தாழ்த்தினேன். வாசலில் ஒருத்தி, “அடியே வாணாம்டி, வயித்துப் புள்ளக்காரி,” என்று விம்மினாள். எனக்கு அது கேட்டும் கோபம்தான் வந்தது. வயிற்றுப் பிள்ளைக்காகத்தானே இவ்வளவும்!

அப்போதுதான் என் அப்பா வந்து நின்றார், மனசுக்குள். வரப்பில் உட்கார்ந்து காலை அலம்பிக்கொண்டு. உளுந்தைத் தெளித்தவர். அவருக்கு அந்த உளுந்தா வேண்டியிருந்தது? அம்மா நட்ட நிலத்தில் இன்னும் ஒரு போகம் நிற்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான். அன்றைக்குப் புரியாதது, கத்தியும் கையுமாக நின்றபோது புரிந்தது. சிரிப்பு வந்து தொலைத்தது.

“அக்கா, நீ உளுந்து தெளிச்சிட்டே,” என்றேன்.

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“பிணை, நல்லாப் பிணை. நாளைக்குக் கடைசி முகூர்த்தம். காலைல பால் காய்ச்ச வந்துடுவேன். உன் தறி கூடத்துல இருக்கட்டும், நான் பின்கட்டுல இருந்துக்கிறேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சிக்கோ. வூட்டுக்காரி நானு.” கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டேன். “இது என்கிட்ட இருக்கும்.”

“பொடவை இறங்குனா எதால அறுக்கிறது?”

“என்னைக் கேளு. குடுக்கிறேன்.”

“கேக்க மாட்டேன்,” என்றாள்.

ஒரே கூரை, இரண்டு அடுப்பு

பால் பொங்கியது. முன்கூடத்தில் தறி சடக் சடக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு நாள் லீவு போட்டு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் பாலைக் குடித்தார்.

மார்கழி முழுக்க வடிவு அக்கா என்னோடு பேசவில்லை. கிணற்றில் அவள் வாளி இருக்கும்போது நான் போக மாட்டேன். என் கோலத்துக்குப் பக்கத்தில் அவளும் ஒரு கோலம் போடுவாள், ஒரு சுற்றுப் பெரிதாக. புடவை இறங்கினால் கத்தி கேட்பாளா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். கேட்க மாட்டாள். பக்கத்து வீட்டுக் கத்தி வரும். மாணிக்கம் அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு செவிலிமேட்டு மனையிலேயே பொழுதைக் கழித்தார். அங்கே வீடு எழும்பியது. தறிக்குழியும் தோண்டியாயிற்று. அவள் போய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர்பாடுதான் வேடிக்கை. தினமும் விளக்கு வைத்த பிறகு வந்து கதவைத் தட்டுவார். கூடத்தில் இருப்பவள் வடிவு அக்காதானே, அவள்தான் திறப்பாள். பாதிக் கதவைப் பிடித்துக்கொண்டு, “யாரு வேணும்?” என்பாள். ஒரு நாளைப் போல ஒரு நாள் தவறாமல். அவரும், “கன்னியம்மா இருக்கிறாங்களா?” என்று கேட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் சொந்த வீட்டுக்குள் விருந்தாளி மாதிரி நுழைவார். நான் பல்லைக் கடிப்பேன்.

மாசியில் ஒரு மத்தியானம் வலி கண்டது. அவர் மதராஸில். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடம் வரை வந்தேன். தறிச் சத்தம் நின்றது. வடிவு அக்கா குழியிலிருந்து ஏறி வந்தாள். குதிரை வண்டி பிடித்தாள், கூடவே ஏறினாள், ஆஸ்பத்திரி வாசல் வரை என் முதுகைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் அவள் கையைக் கிள்ளிய தடம் பல நாள் இருந்தது.

பெண் குழந்தை. வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். சுற்றினாள், நெற்றியில் பொட்டு வைத்தாள், தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டுத் தறிக்குப் போய்விட்டாள். மனசு இளகிவிட்டது, இனி சாவி வந்துவிடும் என்று நினைத்தேன். அடுத்த வாரமே தெருவில் இன்னொரு பாவு, மயில் கழுத்து நிறத்தில். பிணைத்தாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

குப்புற விழுந்த நாள்

ஆனி மாதம். கூடத்தில்தான் காற்று வரும் என்று, குழந்தையைத் தறிக்குச் சற்றுத் தள்ளிப் பாயில் போட்டிருந்தேன். வடிவு அக்கா குழியில் காலை விட்டு நெய்துகொண்டிருந்தாள். ஓடம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போவதைக் குழந்தை கண்ணால் துரத்திக்கொண்டிருந்தது. திடீரென்று ஒருக்களித்தது, முக்கியது, குப்புற விழுந்தது. தலையைத் தூக்கி ஓடத்தைப் பார்த்துச் சிரித்தது.

தரையில் உட்கார்ந்து நெய்கிறவளுக்கும் தரையில் கிடக்கிற குழந்தைக்கும் முகம் நேருக்கு நேர். வடிவு அக்காவின் கை நின்றது. குழந்தையைப் பார்த்தாள். பிறகு தன் காலடியில் இருந்த குழியைப் பார்த்தாள். மறுபடி குழந்தையைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் நான் கொழுக்கட்டை செய்து தெருவுக்கெல்லாம் கொடுத்தேன். அவள் தன் பங்கை வாங்கிச் சாப்பிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த புடவை இறங்குகிற சமயம், கிணற்றடிக்கு வந்து நின்றாள்.

“கன்னிம்மா, கத்தி குடு.”

என் பெயரை அவள் சொல்லிக் கேட்டது அன்றுதான். அரிசிப் பானையிலிருந்து கத்தியை எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. புடவை இறங்கியிருக்கும், வேறென்ன? எண்ணெய்க் கிண்ணத்தோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கச்சபேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டேன்.

வெயில் சாய்ந்து திரும்பி வந்தபோது கூடத்தில் ஈர மண் வாசனை. தறி மரங்களைக் கழற்றிக் கயிற்றால் கட்டிச் சுவரோரம் சாய்த்திருந்தது. அங்கே குழி இல்லை. மண்ணைக் கொட்டி நிரப்பி, மட்டப்படுத்தி, சாணம் பூசி, நடுவில் இழைக்கோலமும் போட்டிருந்தாள். முழங்கை வரை சேறோடு வடிவு அக்கா நின்றாள். பக்கத்தில், தறியிலிருந்து உருவி எடுத்த பாவின் வால், ஒரு முழம் நீளம், சுருட்டி வைத்திருந்தது. பிணைக்கவில்லை.

எத்தனை மாதம் நான் வேண்டிக்கொண்ட காட்சி அது! எனக்கு வந்ததோ கோபம்.

“யாரைக் கேட்டு மூடினே?” என்று கத்தினேன். “என் வூட்டுக் குழி அது. என்னை ஒரு வார்த்தை கேக்காம நீ யாரு மூடறதுக்கு?” குரல் உடைந்துவிட்டது.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். எட்டு மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

“இப்பத்தான்டி வூட்டுக்காரி மாதிரி பேசறே,” என்றாள். “நாளைக்குத் தவழும் அது. குழி எங்க, தரை எங்கன்னு அதுக்குத் தெரியுமா?” இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, சேற்றுக் கையோடு என் கையில் வைத்தாள். மாணிக்கம் அண்ணன் மாட்டு வண்டியோடு வாசலில் நின்றார். தறி மரங்கள் ஏறின. பாவின் வாலை அவள் மடியில் வைத்துக்கொண்டு செவிலிமேட்டுக்குப் போனாள்.

அன்று விளக்கு வைத்த பிறகு கதவு தட்டப்பட்டது. போய்த் திறந்தேன். என் வீட்டுக்காரர் படியில் நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். உள்ளே வரவில்லை. என் தோளுக்கு மேலாகக் கூடத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

“ஏன், உள்ள வாங்களேன்,” என்றேன்.

“இன்னிக்கு யாரும் கேக்கலையே,” என்றார்.

நான் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஈரம் காயாத அந்தத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.